உப்பின் உள்ளமைப்பு

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டில் சிறுவரும் அறிந்த பழமொழி. அடுக்களையில் மிக மலிவான பொருள் அதுவே. இல்லாதபொழுது மிக விரைந்து தேடப்படுவதும் அதுவே. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி, எருது பூட்டி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்கச் செய்யுட்கள் பலவிடத்தும் கூறுகின்றன. அவ்வுமணர் தெருவிற் கூவி விற்ற பண்டம் தன்னுள்ளே எவ்வாறு அமைந்துளது என்னும் வினாவுக்கு விடை கிடைத்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலாயிற்று. அவ்வளவே.

தமிழ் பயிலும் மாணவன் இரசாயனம் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று கேட்பாருளர். இப்பொருளில் உண்மையை மறைத்து நிற்பவை பெரும்பாலும் சொற்களே என்பது யான் கூறும் விடை. "சோடியம் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குத் தானம் செய்கிறது, இரண்டும் கூடி உப்பு மூலக்கூறு ஆகின்றன" என்று பள்ளியில் நாம் அனைவரும் ஒப்பித்திருக்கிறோம். இத்தொடரில் இரண்டு சொற்கள் பொருந்தா. "தானம்" என்பது ஒன்று. "மூலக்கூறு" என்பது மற்றொன்று. சொல்லின் பொருளை ஆராய்வது தமிழ் மாணவர்க்கு உரிய தொழிலாதலின், அவ்விரு சொற்களையும் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் உப்பின் உறுப்புக்கள் இரண்டையும் தனித்தனியே நோக்குவோம். 1807-ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, உருக்கிய காரச் சோடாவினூடே மின்சாரத்தைச் செலுத்தி, வெள்ளிபோல் ஒளிரும் உலோகமொன்றைப் பிரித்தெடுத்தார். அதுவே சோடியம். கத்தியால் வெண்ணெயைப்போல் அறுக்கத்தக்க மென்மை உடையது. 98 பாகை வெப்பத்தில் உருகுவது. நீரிலிட்டால் சீறி ஓடித் தீப்பற்றவும் வல்லது. ஆதலின் நம் ஆய்வுக்கூடத்திலும் அதனை மண்ணெண்ணெயில் அமிழ்த்தியே வைத்திருக்கின்றனர். குளோரின் அதனினும் கொடியது. 1774-இல் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு மருந்தாளர் அதனை முதன்முதல் உண்டாக்கினார். அது ஒரு தனிமமே என்று 1810-இல் நிறுவிப் பெயரிட்டவர் மேற்கூறிய டேவியே. மஞ்சளும் பசுமையும் கலந்த நிறமுடைய அவ்வாயு மூச்சுக்குழலை அரித்துவிடும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்து ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியர் அதனைக் காற்றில் திறந்துவிட்டதும், பதுங்குகுழிகளில் இருந்த வீரர் திணறி மாண்டதும் வரலாற்றில் அழியாத கறை.

நீரைக் கண்டால் எரியும் உலோகம் ஒன்று. மூச்சைக் கொல்லும் வாயு ஒன்று. இவை இரண்டும் கூடியதை நாம் கஞ்சியிலிட்டுக் குடிக்கின்றோம். நஞ்சும் நஞ்சும் சேர்ந்து உணவானது எங்ஙனம்? சேர்க்கையில் இவற்றின் இயல்பு எங்கே ஒளிந்தது? இவ்வினாவுக்கு விடை காண அணுவினுள் நுழைதல் வேண்டும்.

அணு என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. பகுக்கவொண்ணாத நுண்பொருள் என்பதே அதற்குப் பழைய உரை. அவ்வுரை 1897-இல் தளர்ந்தது. கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் என்பார் எல்லா அணுக்களிலும் பொதுவாயுள்ள எதிர்மின் துகளொன்றைக் கண்டு காட்டினார்; அதுவே எலெக்ட்ரான். பின்னர் 1909-இல் மான்செஸ்டரில் கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர் மெல்லிய பொற்றகட்டின்மேல் ஆல்பாத் துகள்களை எறிந்தனர். பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவிச் சென்றன. மிகச் சிலவோ எறிந்த திசைக்கே திரும்பின. அவர்தம் ஆசிரியர் ரதர்போர்டு 1911-இல் இதன் கருத்தை விளக்கினார். அணுவின் நிறை ஏறக்குறைய முழுவதும், அதன் நேர்மின்னெல்லாமும், நடுவே மிகச் சிறியதோர் கருவில் அடங்கியிருக்கின்றன, எஞ்சியது வெறுவெளி, அவ்வெளியில் எலெக்ட்ரான்கள் உலவுகின்றன. சோடியத்தின் கருவை ஒரு கடுகாக எண்ணிக்கொண்டால், அணு நூறு மீட்டர் அகலமுள்ள விளையாட்டு வெளியாகும். கடுகு நடுவில் கிடக்கிறது. மற்றெங்கும் கல்லுமில்லை, மண்ணுமில்லை.

கருவினுள் நேர்மின்னுடைய புரோட்டான்களும், மின்னற்ற நியூட்ரான்களும் உள. நியூட்ரானைக் கண்டவர் சாட்விக், 1932-இல். சோடியத்தில் புரோட்டான் 11, நியூட்ரான் 12. குளோரினில் புரோட்டான் 17. நியூட்ரானோ சிலவற்றில் 18, சிலவற்றில் 20. முன்னையது நான்கில் மூன்று பங்கு, பின்னையது ஒரு பங்கு என்னும் அளவில் இயற்கையில் கலந்திருத்தலின், குளோரினின் அணுநிறை 35.45 என்று பின்னமாய் நிற்கிறது. முழு எண்ணாய் அமைய மறுத்த இந்நிறை பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

கோள்கள் ஞாயிற்றைச் சுற்றுவதுபோல் எலெக்ட்ரான்கள் கருவைச் சுற்றுகின்றன என்பது 1913-இல் போர் வரைந்த சித்திரத்தை ஒட்டிய உவமை. 1926-இல் ஷ்ரோடிங்கர் வகுத்த சமன்பாட்டுக்குப் பின் அவ்வுவமை உவமையளவிலேயே நின்றது. ஆயினும் எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காய் அமைகின்றன என்னும் பகுதி இன்றும் பொருந்தும். நம் கதைக்கு அஃதே போதும். சோடியத்தின் பதினோரு எலெக்ட்ரான்களும் 2, 8, 1 என்று நிற்கும். குளோரினின் பதினேழும் 2, 8, 7 என்று நிற்கும்.

இனி இத்தனிமங்கள் தம்முள் எவ்வுறவு உடையன என்று அறிய ஆவர்த்தன அட்டவணையை நோக்குவோம். 1869-ஆம் ஆண்டில் ருஷிய நாட்டு மெண்டலீவ், அந்நாளில் அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணுநிறை வரிசையில் நிறுத்தினார். ஒத்த குணமுடையவை குறித்த இடைவெளிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருதலைக் கண்டு, அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதினார். வேறு சிலரும் அக்காலத்தில் இத்தகைய பட்டியல்களை அமைத்ததுண்டு. மெண்டலீவின் பெருமை அவர் எழுதியதில் இல்லை. எழுதாது விட்டதில் உளது. குணம் பொருந்தாத இடத்தில் அவர் கட்டத்தை வெறுமையாய் விட்டு, "இங்கு இருக்கவேண்டிய பொருள் இன்னும் அகப்படவில்லை" என்று துணிந்தார்.

இத்துணிவு தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். நம் நெடுங்கணக்கில் உயிர்மெய் 216. அவற்றுள் ஙௌ என்பது எச்சொல்லிலும் வாராது. ஆயினும் அதனை எவ்வாறு ஒலிப்பது என்று கேட்பின், அரிச்சுவடி படித்த சிறுவனும் தயங்காது ஒலிப்பான். ஙகர வரிசையும் ஔகார நிரலும் கூடும் கட்டம் அது என்பதை அவன் அறிவான். மெண்டலீவும் அங்ஙனமே வரிசையும் நிரலும் பார்த்துக் காணாத பொருளின் குணங்களைக் கூறினார். அலுமினியத்தின்கீழ் வெறுமையாயிருந்த கட்டத்துக்கு "ஏக அலுமினியம்" என்று அவர் பெயரிட்டது, வடமொழி எண்ணுப்பெயர் ருஷிய நாட்டில் புகுந்த விந்தை. 1875-இல் பிரெஞ்சு நாட்டு லெகோக் டி புவாபோத்ரான் அதனைக் கண்டு காலியம் எனப் பெயரிட்டார். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அளந்து வெளியிட, காலியத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், அது 5.9-ஐ ஒட்டியிருத்தல் வேண்டும், மீண்டும் அளக்க என்று எழுதினார். தூய்மை செய்து மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. கையில் பொருளை வைத்திருந்தவர் பிழைபட, பட்டியலை வைத்திருந்தவர் சரியாய்ச் சொன்ன இந்நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் எனக்கு இன்பம் உண்டாகிறது. 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் அகப்பட்டு மற்றிரு கட்டங்களை நிரப்பின.

அட்டவணையிலும் ஒரு முரண் இருந்தது. டெல்லூரியத்தின் அணுநிறை 127.6, அயோடினின் நிறை 126.9. நிறைமுறைப்படி அயோடின் முன்னே வரவேண்டும். குணமுறைப்படியோ பின்னே வரவேண்டும். மெண்டலீவ் குணத்தையே நம்பினார். நிறையை அளந்தவரே பிழைத்தனர் என்று கருதினார். அளந்தவர் பிழைக்கவில்லை. வரிசைக்கு அடிப்படை நிறையன்று, கருவிலுள்ள நேர்மின்னின் எண்ணிக்கையே என்பதை 1913-இல் எக்ஸ் கதிர்களைக்கொண்டு காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர். டெல்லூரியம் 52, அயோடின் 53. வழக்கு தீர்ந்தது. 1915 ஆகஸ்டு 10-ஆம் நாள் கலிப்போலிப் போரில் மோஸ்லி சுடப்பட்டு இறந்தார், அகவை 27. இன்று அட்டவணையில் 118 தனிமங்கள் உள. ஏழாம் வரிசையின் வெறுமையை நிரப்பிய இறுதி நான்கும் பெயர் பெற்றது 2016-இல். எல்லாவற்றுக்கும் வரிசை எண் மோஸ்லி வகுத்த முறைப்படியே.

நம் உப்புக்கு வேண்டிய குடும்பம் மற்றொன்று உண்டு. 1894-இல் ராலேயும் ராம்சேயும் காற்றினின்று ஆர்கான் என்னும் வாயுவைக் கண்டனர். சோம்பல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். அவர்கள் அறிந்த எப்பொருளோடும் அது சேர மறுத்ததே காரணம். 1898-இல் நியானும் கிரிப்டானும் செனானும் வெளிவந்தன. இவ்வினத்துள் சிலவும் வற்புறுத்தினால் சேர்க்கைக்கு இணங்கும் என்பது 1962-இல் பார்ட்லெட் காட்டிய செய்தி. எனினும் பொதுவாய் இவை ஒதுங்கியே வாழ்பவை. இவற்றின் வரிசை எண்களைக் காண்க: நியான் 10, ஆர்கான் 18. நியானுக்கு அடுத்த வீடு 11, அது சோடியம். ஆர்கானுக்கு முந்திய வீடு 17, அது குளோரின். ஓர் எலெக்ட்ரானை இழந்தால் சோடியம் நியானின் அடுக்கமைப்பை எய்தும். ஒன்றைப் பெற்றால் குளோரின் ஆர்கானின் அமைப்பை எய்தும். 1916-இல் ஜெர்மனியில் கோசெல், அமெரிக்காவில் லூயிஸ் ஆகிய இருவரும் இக்கருத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். எலெக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் பெறும். ஏற்ற குளோரின் எதிர்மின் பெறும். இங்ஙனம் மின்னேறிய அணுவுக்கு அயனி என்று பெயர். அயனி நிலையிலுள்ள சோடியம் நீரில் எரிவதில்லை. அயனி நிலையிலுள்ள குளோரின் மூச்சை அரிப்பதில்லை. எரித்ததும் அரித்ததும் புறவடுக்கின் நிறைவின்மையாலேயே. நஞ்சு எங்கே ஒளிந்தது என்ற வினாவுக்கு விடை இதுவாம்.

இவ்விடத்தேதான் "தானம்" என்னும் சொல் புகுந்து மாணவரை மயக்குகிறது. சோடியத்துக்கு எலெக்ட்ரான் ஒன்று மிகை, குளோரினுக்கு ஒன்று குறை. ஆதலின் முன்னது மனமுவந்து ஈய, பின்னது மகிழ்ந்து ஏற்கிறது என்று கதை கூறப்படுகிறது. கேட்க இனிது. வரவு செலவு எழுதிப் பார்த்தால் நில்லாது.

23 கிராம் சோடியமும் 35.5 கிராம் குளோரினும் கூடி 58.5 கிராம் உப்பாகின்றன என்று கொள்வோம். திண்மமான சோடியத்தைத் தனியணுக்களாய்ப் பிரிக்கச் செலவு 107 கிலோ ஜூல். இணையிணையாய்த் திரியும் குளோரின் அணுக்களைப் பிரிக்கச் செலவு 122. சோடியம் அணுக்களிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கச் செலவு 496. ஆகச் செலவு 725. எலெக்ட்ரானைக் குளோரின் ஏற்றுக்கொள்ளும்போது வரவு 349 மாத்திரமே. எனவே கைமாற்றம் முடிந்த நிலையில் கணக்கில் 376 கிலோ ஜூல் நட்டம் நிற்கிறது. "மிகை" என்று சொல்லப்பட்ட எலெக்ட்ரானைச் சோடியம் எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பதற்கு 496 என்னும் எண்ணே சான்று. இஃது ஈகையன்று. குளோரின் வலிந்து கவர்ந்தது என்றும் சொல்லவியலாது. கவர்தற்கு வேண்டிய ஆற்றல் அதனிடம் இல்லை.

அங்ஙனமாயின் நட்டத்தை ஈடு செய்தது யாது? மின்னேறிய பின் அயனிகள் ஒன்றையொன்று நெருங்கி அடுக்கி அமைகின்றனவே, அந்நெருக்கமே. நேரும் எதிரும் கவர்ந்து கூடுங்கால் வெளிப்படும் ஆற்றல் 787 கிலோ ஜூல். அதில் 376-ஐக் கழிக்க, நிகர வரவு 411. உப்பு பிறக்கையில் வெளிவரும் வெப்பமும் ஒளியும் இவ்வரவேயாம். தானம் என்பதைவிட, கடன் வாங்கித் தொடங்கி, குடியேறிய ஊரில் ஈட்டிய ஆதாயத்தால் அக்கடனை அடைத்த வாணிகம் என்பது இதற்குப் பொருத்தமாகும். இக்கணக்கை முதன்முதல் இவ்வாறு ஒழுங்குபடுத்தியவர் 1919-இல் மாக்ஸ் போர்ன், ஃப்ரிட்ஸ் ஹேபர் என்னும் இருவர். ஈப்பரில் குளோரினைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்தியவரும் இந்த ஹேபரே. ஒரே மனிதர் கையில் அவ்வாயுவின் கொடுமையும், அது சாந்தமாகும் கணக்கும் இருந்தன என்பதை யாதென்று சொல்வது!

குடியேறிய ஊர் என்றேன். அவ்வூரின் தெருவமைப்பை அறிந்தால் இரண்டாவது சொல்லும் வீழும். 1912-இல் மாக்ஸ் ஃபான் லௌவே என்பாரின் யோசனைப்படி, படிகத்தினூடே எக்ஸ் கதிர் செலுத்தினால் புள்ளிக்கோலம் விழுகின்றது என்று ஜெர்மனியில் கண்டனர். அக்கோலத்தினின்று அணுக்களின் இருப்பிடத்தைப் பின்னோக்கிக் கணிக்கும் வழியைக் கண்டவர் லாரென்ஸ் பிராக். தந்தையோடு சேர்ந்து உழைத்து 1913-இல் கறியுப்பின் அமைப்பை வெளியிட்டார். 1915-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு தந்தைக்கும் மகனுக்கும் ஒருங்கே கிடைத்தபோது மகனுக்கு அகவை 25. அவர் அப்போது போர்முனைப் பணியில் இருந்தார். அவ்வாண்டே அவர் தம்பியும் கலிப்போலியில் உயிர் நீத்தார்.

பிராக் கண்ட அமைப்பு இதுவே. சதுரங்கப் பலகை ஒன்றை மனத்திற் கொள்க. கருங்கட்டம்தோறும் ஒரு சோடியம் அயனி; வெண்கட்டம்தோறும் ஒரு குளோரின் அயனி. இதன்மேல் மற்றொரு பலகை. அதில் கருமைக்கு நேர்மேலே வெண்மை, வெண்மைக்கு நேர்மேலே கருமை. இவ்வாறே மேலும் மேலும் அடுக்குக. எந்தச் சோடியத்தை எடுத்தாலும் நாற்புறமும் நான்கு, மேலொன்று, கீழொன்று என ஆறு குளோரின்கள் அதனைச் சூழ்ந்திருக்கும். எந்தக் குளோரினை எடுத்தாலும் அவ்வாறே ஆறு சோடியங்கள். அண்டை அயனிகளின் இடைத்தூரம் 2.82 ஆங்ஸ்ட்ராம், ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் விளிம்புள்ள உப்புக் கல்லில் விளிம்பு நெடுக 35 இலட்சம் அயனிகள் வரிசையாய் நிற்கின்றன.

இப்போது கேட்கிறேன்: இச்சோடியத்தின் இணை எந்தக் குளோரின்? ஆறு அயலாரும் ஒரே தூரத்தில் உள்ளனர். ஒருவரைப்போல் அறுவர்க்கும் உரிமை உண்டு. அவ்வறுவரும் தத்தமக்குரிய அறுவர்க்கு உரியர். எனவே உப்பில் இணை என்பதொன்று இல்லை. மூலக்கூறு என்பதும் இல்லை. சோடியம் ஒன்று, குளோரின் ஒன்று என்னும் குறியீடு வெறும் விகிதமே. ஓர் ஊரில் ஆடவர் ஐந்நூற்றுவர், பெண்டிர் ஐந்நூற்றுவர் என்று குடிக்கணக்கு கூறினால், ஊரில் ஐந்நூறு தம்பதிகள் உளர் என்று முடிவு செய்வார் உண்டோ?

இன்று நமக்கு எளிதாய்த் தோன்றும் இக்கருத்து அக்காலத்தில் எளிதில் ஏற்கப்படவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்டிராங் என்னும் பழுத்த ஆங்கிலேய இரசாயன அறிஞர் 1927-இல், தம் 79-ஆம் அகவையில், "நேச்சர்" பத்திரிகைக்குச் சினந்து ஒரு மடல் எழுதினார். பாவம், கறியுப்பு என்று இரங்கும் பொருளில் அதற்குத் தலைப்பு. உப்பில் மூலக்கூறே இல்லை, சதுரங்கக் கட்டமே உளது என்று கூறுவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது. இரசாயனம் சதுரங்க ஆட்டமன்று என்பது அவர் வாதம். அவரை எள்ளி நகைப்பது எளிது; யான் நகைக்கமாட்டேன். அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் மூலக்கூறு என்னும் சொல்லைக்கொண்டே சிந்தித்தவர். கரிமச் சேர்மங்களில் அச்சொல் அவரை ஒருநாளும் கைவிட்டதில்லை. சர்க்கரையில் மூலக்கூறு உண்டு, நீரில் உண்டு, கற்பூரத்தில் உண்டு. உப்பில் மாத்திரம் ஏன் இருத்தலாகாது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. விடை பிராக்கின் படத்தில் இருந்தது. அவர் அதனை நோக்கவில்லை, சொல்லையே நோக்கினார்.

அவர் தேடிய இணையர் உலகில் முற்றும் இல்லாமலில்லை என்பது சுவையான செய்தி. உப்பை 801 பாகையில் உருக்கி, மேலும் 1,465 பாகை வரையில் காய்ச்சினால் அது கொதித்து ஆவியாகும். அவ்வாவியில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் இணைந்து திரிதல் உண்டு. அவற்றின் இடைத்தூரமும் 2.36 ஆங்ஸ்ட்ராமாகக் குறுகியிருக்கும். உப்பு மூலக்கூற்றைக் காண விரும்புவார் அவ்வுலைக்களத்திற்குச் செல்லல் வேண்டும். அடுக்களைச் சாடியில் அது அகப்படாது.

கண்ணாற் காணும் குணங்கள் பல இவ்வமைப்பிலிருந்தே விளங்குகின்றன. உப்புக் கல் சதுரச் சதுரமாய் உடைவது உள்ளே உள்ள சதுர அடுக்கால். உருகுவதற்கு 801 பாகை வேண்டுவது, ஒவ்வோர் அயனியையும் ஆறு அயலார் பற்றியிருத்தலால். அவ்வளவு உறுதியுடையது ஒரு சுத்தியல் அடியில் ஏன் நொறுங்குகிறது? ஓரடுக்கு ஓரிடம் நகர்ந்தால் நேருக்கு நேராய் நேரும், எதிருக்கு நேராய் எதிரும் வந்து நிற்கும்; கவர்ந்தவை அக்கணமே தள்ளத் தொடங்கும். இரும்பை அடித்தால் நெளிகிறது. உப்பு நெளிய இடமில்லாமையால் பிளக்கிறது.

நீரில் கரைதலும் இவ்வாறே. 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு, அடுக்கினின்று ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துக் கொண்டுபோகின்றன. கரைசலில் அயனிகள் தனித்தனியே திரிகின்றன என்று 1884-இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்த அர்ரீனியஸ் என்னும் இளைஞர்க்கு ஆசிரியர் மிகத் தாழ்ந்த தரமே வழங்கினர். எரியும் சோடியம் நீரில் அமைதியாய் மிதக்கிறதா என்று பலரும் நகைத்தனர். 1903-இல் அதே கருத்துக்காக அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. தேர்வில் குறைந்த தரம் பெற்ற நண்பர்கள் இதனைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். ஆயின் அவர் ஆய்வேடு எழுதியிருந்தார் என்பதையும் மறவாதிருப்பாராக.

கொதிநீரிலும் உப்பு சற்று மிகுதியாகவே கரையும், பெரிய வேறுபாடில்லை. ஆதலின் சூடான கரைசலை ஆறவைத்து உப்பு எடுத்தல் இயலாது. நீரை ஆவியாக்கியே எடுத்தல் வேண்டும். தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் மரக்காணத்திலும் உப்பளங்கள் அகன்று பரந்து வெயிலை நம்பிக் கிடப்பதற்கு அடிப்படை இதுவே. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புப் பொருள்கள் உள. அவை சோடியம், மகனீசியம், கால்சியம், பொட்டாசியம், குளோரைடு, சல்பேட்டு என அயனிகளாய்க் கலந்து திரிகின்றன. பாத்தியில் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணமும் ஜிப்சமும் படிகின்றன. பின்னரே கறியுப்பு விளைகிறது. விளைகின்ற கல்லில் எந்தச் சோடியம் எந்தக் குளோரினின் அருகே அமரும் என்பதற்கு விதியில்லை. ஆற்று வழியே வந்ததும், கடலடிப் பாறையினின்று கசிந்ததும் அடுத்தடுத்து அமரலாம்.

உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை அளத்தார் வடித்துவிடுகின்றனர். அதில் மிகுந்திருப்பது மகனீசியம். அட்டவணையில் சோடியத்துக்கு அடுத்த வீடு அதனுடையது, எண் 12. நியானின் அமைப்பை எய்த அஃது இரண்டு எலெக்ட்ரான்களை இழத்தல் வேண்டும். ஆதலின் அதன் குளோரைடில் மகனீசியம் ஒன்றுக்குக் குளோரின் இரண்டு. இரட்டை மின்னேறிய அச்சிற்றயனி நீரை மிக வலிந்து இழுக்கும் இயல்புடையது. காற்றிலுள்ள ஈரத்தையும் விடாது. கசப்பு நீர் செவ்வையாய் வடியாத கல்லுப்பில் இது சிறிதளவு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐப்பசி அடைமழையில் நம் வீட்டு உப்புச் சாடி கசிந்து ஈரமாவது பெரிதும் இம்மகனீசியத்தால். தூய கறியுப்பு அவ்வளவு எளிதில் கசியாது.